பூஜ்ஜியம் வேறு, இல்லை வேறு

சிபியு எவ்வளவு ஓடுகிறது, மெமரி எவ்வளவு மிச்சம், டிஸ்கில் எவ்வளவு எழுதியாயிற்று, நெட்வொர்க்கில் எவ்வளவு போய் வந்தது. இதையெல்லாம் லினக்ஸ், விண்டோஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி என்று எங்கே ஓட்டினாலும் ஒரே ஃபங்ஷன் பெயரில் எடுத்துத் தர ஒரு லைப்ரரி எழுத வேண்டும். கேட்டால் சனி ஞாயிறில் முடித்துவிடலாம் போலத்தான் இருக்கும். எண்கள் சீக்கிரமே வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. வந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வருடங்கள் போகும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்குப் பழைய கை ஒன்று சொல்லி வைப்பவை இவை.

1. முன்னால் போனவர்களின் தடத்தைப் பாருங்கள். சி மொழியில் லிப்ஸ்டாட்கிராப் இருக்கிறது; இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஐ-ஸ்க்ரீம் என்ற கண்காணிப்புத் திட்டத்தில் பிறந்தது அது. பைத்தானில் ஜியாம்பாவ்லோ ரொடோலா 2009-இல் தொடங்கிய பிஎஸ்யூடில். அதைப் பார்த்து கோ மொழியில் வந்தது கோபிஎஸ்யூடில். ஜாவாவுக்கு ஓஷி, ரஸ்டுக்கு சிஸ்இன்ஃபோ. இவற்றின் நிரலைப் படிப்பது நல்லது. ஒவ்வொரு வெளியீட்டோடும் வரும் திருத்தப் பட்டியலைப் படிப்பது அதைவிட நல்லது. நிரலில் ‘512-ஆல் பெருக்கு’ என்று மட்டும் இருக்கும். ஏன் பெருக்க வேண்டி வந்தது, எந்த மாதிரி மெஷினில் கணக்கு உதைத்தது என்பதெல்லாம் பட்டியலில்தான் கிடக்கும். புதிய லைப்ரரி தேவைதானா என்ற கேள்விக்கும் விடை பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

2. கெர்னலிடம் ‘சிபியு சதவீதம்’ என்று ஒன்று கிடையாது. லினக்ஸில் ப்ராக் அடைவில் ஸ்டாட் என்றொரு கோப்பு இருக்கிறது. திறந்து முதல் வரியைப் பாருங்கள். சிபியு என்ற சொல்லுக்குப் பின்னால் பத்து எண்கள்: யூசர், நைஸ், சிஸ்டம், ஐடில், ஐஓவெயிட், ஐஆர்க்யூ, சாஃப்ட்ஐஆர்க்யூ, ஸ்டீல், கெஸ்ட், கெஸ்ட்நைஸ். மெஷின் பூட் ஆனதிலிருந்து எல்லாக் கோர்களும் சேர்ந்து எந்தெந்த நிலையில் எவ்வளவு நேரம் கழித்தன என்ற கணக்கு அது. பெரும்பாலும் நொடிக்கு 100 டிக். வீட்டு ஈபி மீட்டர் மாதிரி அது ஏறிக்கொண்டே போகும். இன்றைய ரீடிங்கை மட்டும் வைத்து பில் போட முடியாது, போன ரீடிங்கைக் கழிக்க வேண்டும். 4 கோர் மெஷினில் ஒரு நொடி இடைவெளி விட்டு இரண்டு தடவை படித்தால் மொத்தம் சுமார் 400 டிக் கூடியிருக்கும். அதில் ஐடில் 300 என்றால் மெஷின் 25 சதவீதம் உழைத்திருக்கிறது.

அப்படியானால் முதல் தடவை கேட்கும்போது என்ன சொல்வது? கழிக்க முந்தைய ரீடிங் இல்லை. பிஎஸ்யூடில் இடைவெளி கொடுக்காமல் கேட்டால் முதல் விடையாக 0.0 தரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஆவணத்திலும் எழுதியிருக்கிறது. ஆனால் ஆவணத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள்? அந்த 0.0 நேராக ஒரு வரைபடத்தில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் ஒரு பள்ளம் காட்டும். ‘இன்னும் சொல்ல முடியாது’ என்று திருப்பி அனுப்ப உங்கள் லைப்ரரியில் ஒரு வழி இருக்கட்டும்.

இதையொட்டி இன்னொன்று. 4 கோர் மெஷினில் ஒரு புராசஸ் ஒரு கோரை முழுக்கப் பிடித்துக்கொண்டால் அது 100 சதவீதமா, 25 சதவீதமா? இரண்டுமே வழக்கில் இருக்கின்றன. லினக்ஸின் டாப் கமாண்டில் பெரிய ‘ஐ’ எழுத்தை அழுத்திப் பாருங்கள், ஐரிக்ஸ் முறை, சோலாரிஸ் முறை என்று மாறி மாறிக் காட்டும். நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுங்கள். எடுத்ததை எழுதி வையுங்கள்.

3. போன ரீடிங்கை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் பாதி லைப்ரரிகள் வழுக்குகின்றன. ‘கடைசியாகக் கேட்டதிலிருந்து எவ்வளவு கூடியது’ என்று சொல்லும் ஃபங்ஷன் எழுதுவது சுகம். உள்ளே ஒரு குளோபல் மாறியில் முந்தைய ரீடிங்கை வைத்துக்கொண்டால் போதும், கூப்பிடுகிறவர் எதையும் சுமக்க வேண்டாம். ஒரே ஒருவர் கூப்பிடும் வரை எல்லாம் சரி. இப்போது ஒரே புரோகிராமில் இரண்டு பேர் கூப்பிடுகிறார்கள் என்று வையுங்கள்: திரையைப் புதுப்பிக்கும் த்ரெட் நொடிக்கு ஒரு தடவை, லாக் எழுதும் த்ரெட் நிமிடத்துக்கு ஒரு தடவை. லாக் எழுதுகிறவர் ஒரு நிமிடக் கணக்கைக் கேட்கிறார். கிடைப்பதோ, திரைக்காரர் அரை நொடி முன்பு படித்துவிட்டுப் போனதற்குப் பிந்தைய மிச்சம். நெட்வொர்க் போக்குவரத்து நூற்றிருபதில் ஒரு பங்காகக் குறைந்து தெரியும். எர்ரர் வராது, கிராஷ் ஆகாது, டெஸ்ட்டிலும் அகப்படாது. டெஸ்ட்டில் ஒருவர்தானே கூப்பிடுகிறார்.

ஆகவே ரீடிங்கைக் கேட்டவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த ரீடிங் எடுத்ததும் இரண்டையும் கொண்டுவந்தால் வித்தியாசத்தைக் கணக்கிட்டுத் தரும் ஃபங்ஷன் ஒன்று தனியாக இருக்கட்டும். லிப்ஸ்டாட்கிராபின் பிந்தைய பதிப்புகளில் இப்படி இரண்டு ரீடிங்கை வாங்கிக் கழித்துத் தரும் ஃபங்ஷன்கள் சேர்ந்தன. கூப்பிடுகிறவருக்கு ஒரு மாறி கூடுதல் சுமைதான். அந்தச் சுமை அவருடையதாக இருப்பதுதான் நியாயம், ஏனென்றால் எந்த இடைவெளிக்குக் கணக்கு வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். சுலபமான ஃபங்ஷனும் வேண்டும் என்று கெஞ்சுவார்கள். அதை இதன் மேல் ஒரு மெல்லிய உறையாகக் கொடுங்கள், அடித்தளம் இதுவாக இருக்கட்டும்.

4. கூட்டுவதற்கு முன்னால் எது எதில் அடக்கம் என்று பாருங்கள். லினக்ஸில் கெஸ்ட் நேரம் யூசர் நேரத்துக்குள்ளேயே இருக்கிறது. பத்து எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் சர்வரில் அது இரண்டு தடவை வந்துவிடும். விண்டோஸின் கெட்சிஸ்டம்டைம்ஸ் ஐடில், கெர்னல், யூசர் என்று மூன்று எண் தருகிறது. கெர்னல் எண்ணுக்குள் ஐடில் ஒளிந்திருக்கிறது. மூன்றையும் கூட்டி மொத்தம் என்று எடுத்தவர்களின் மெஷின், முழுமூச்சாக உழைக்கும்போது சரியாகவும், சும்மா இருக்கும்போது பாதி உழைப்பதாகவும் தெரியும். லினக்ஸின் ஐஓவெயிட் இன்னும் விசேஷம்: ஏறிக்கொண்டே போக வேண்டிய அது சில சமயம் இறங்கும் என்று கெர்னலின் கையேடே சொல்கிறது. அன்சைன்ட் எண்களில் கழித்தால் ஒரு சின்ன இறக்கம் வானளவு எண்ணாகப் பொங்கும்.

5. அலகைப் பெயரிலேயே எழுதுங்கள்: பைட், நானோ வினாடி. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். லினக்ஸ் மெம்இன்ஃபோ கோப்பில் ‘கேபி’ என்று போட்டிருக்கும், அது 1000 அல்ல, 1024 பைட். டிஸ்க்ஸ்டாட்ஸ் கோப்பில் செக்டார் என்பது எப்போதும் 512 பைட். டிஸ்கின் உண்மையான செக்டார் 4096 ஆக இருந்தாலும் சரி. விண்டோஸின் ஃபைல்டைம் 100 நானோ வினாடிப் படிகளில் நகரும். ஒரு புராசஸின் உச்ச மெமரியைச் சொல்லும் கெட்ஆர்யூசேஜ் யூனிக்ஸ் குடும்பத்துக்கே பொதுவானது, பெயரும் ஒன்றே, ஸ்ட்ரக்ட்டும் ஒன்றே. லினக்ஸில் அது கிலோபைட் தரும், மேக்கில் பைட் தரும். லினக்ஸில் எழுதி மேக்கில் கம்பைல் ஆனதும் வேலை முடிந்தது என்று போனால், 50 எம்பி புராசஸ் 50 ஜிபியாக நிற்கும்.

எம்1 மேக் வந்தபோது இது புதிதாகக் கடித்தது. புராசஸ் ஓடிய நேரத்தை மேக் ‘மாக் டிக்’ என்ற அலகில் தருகிறது. இன்டெல் மேக்கில் ஒரு டிக் ஒரு நானோ வினாடி, அதனால் மாற்றாமல் விட்டவர்களுக்கும் கணக்கு சரியாகவே வந்துகொண்டிருந்தது. எம்1-இல் ஒரு டிக் சுமார் 41.67 நானோ வினாடி. மாற்றும் விகிதத்தைக் கேட்டு வாங்க ஒரு ஃபங்ஷன் முதலிலிருந்தே இருக்கத்தான் இருந்தது. பேஜ் அளவும் அப்படித்தான், 4096 என்று நிரலில் பதித்தவர்கள் 16 கேபி பேஜ் உள்ள ஆப்பிள் சிலிக்கானில் மெமரியை நாலில் ஒரு பங்காகக் காட்டினார்கள். இயங்குதளம் சொல்லத் தயாராக இருக்கும் எதையும் நீங்களாக எழுதி வைக்காதீர்கள்.

6. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுங்கள். ஒரு தளத்தில் இல்லாத எண்ணுக்குப் பூஜ்ஜியம் போடாதீர்கள்.

மேக்கில் ஐஓவெயிட் கிடையாது; கெர்னல் யூசர், சிஸ்டம், ஐடில், நைஸ் என்று நான்கைத்தான் எண்ணுகிறது. அங்கே ஐஓவெயிட் 0 என்று திருப்பினால் ‘டிஸ்குக்காக யாரும் காத்திருக்கவில்லை’ என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். பார்க்காத சாட்சி அது. கீழே ஒருவர் அந்த எண்ணை வைத்து அலாரம் எழுதுவார், சராசரி எடுப்பார், மேக்கும் லினக்ஸும் கலந்த ஐம்பது மெஷின்களை ஒரே படத்தில் போட்டு ‘டிஸ்க் நன்றாக இருக்கிறது’ என்று மேலதிகாரியிடம் காட்டுவார். மொழியில் ஆப்ஷனல் வகை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சி மொழியானால் எந்தெந்தப் புலம் செல்லும் என்று சொல்லும் பிட்மாஸ்க் ஒன்றை ஸ்ட்ரக்ட்டோடு அனுப்புங்கள். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

லோட் ஆவரேஜ் இதே நோயின் முற்றிய வடிவம். விண்டோஸில் அப்படி ஒன்று இல்லை. பிஎஸ்யூடில் அங்கே புராசசர் க்யூவின் நீளத்தை 5 நொடிக்கு ஒரு தடவை பின்னணியில் எண்ணி, யூனிக்ஸ் பாணியில் ஒன்றைச் சமைத்துத் தருகிறது. பயனர்கள் கேட்டிருப்பார்கள், புரிகிறது. நானாக இருந்தால் வேறு பெயரில் கொடுத்திருப்பேன். சரி, விண்டோஸை விடுங்கள், யூனிக்ஸ் தளங்களுக்குள்ளாவது ஒன்றா என்றால் அதுவும் இல்லை. மற்றவை சிபியுவுக்காக வரிசையில் நிற்பவர்களை எண்ண, லினக்ஸ் டிஸ்குக்காக எழுப்ப முடியாத தூக்கத்தில் கிடப்பவர்களையும் சேர்த்து எண்ணுகிறது. 1993-இல் வந்த ஒரு சின்னத் திருத்தம் அது. பிரெண்டன் கிரெக் 2017-இல் பழைய மடல்களைத் தோண்டி அதன் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதினார். லினக்ஸில் லோட் 40, சிபியு சும்மா இருக்கிறது என்றால் அது பிழை ஆகாது. ஆனால் அந்த 40-ஐ ஃப்ரீபிஎஸ்டியின் 40-க்குப் பக்கத்தில் வைத்தால் பிழை உங்களுடையது.

7. மெமரியில் ‘ஃப்ரீ’ எவ்வளவு என்ற கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியைக் கோப்புகளின் கேஷாக நிரப்பி வைக்கும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். அதனால் மெம்ஃப்ரீ எண் எப்போதும் பயமுறுத்தும். ஃப்ரீ, பஃபர், கேஷ் மூன்றையும் கூட்டிச் சொல்வது பழைய வழக்கம். அதிலும் ஓட்டை, ஏனென்றால் ஷேர்டு மெமரி கேஷ் கணக்கில் வந்தாலும் விட்டுக்கொடுக்காது. 2014-இல் 3.14 கெர்னலில் மெம்அவைலபிள் என்ற வரி வந்தது. எவ்வளவு கொடுக்க முடியும் என்று கெர்னலே கணிக்கிறது, அதை எடுங்கள். இசட்எஃப்எஸ் ஓடும் லினக்ஸில் அதன் ஆர்க் கேஷ் இந்தக் கணிப்பில் சேராது என்பதை மட்டும் ஓரமாகக் குறித்து வையுங்கள். மேக்கில் ஆக்டிவ், இன்ஆக்டிவ், வயர்டு, கம்ப்ரெஸ்டு என்று வேறு குலம். எல்லாவற்றையும் யூஸ்டு, ஃப்ரீ என்ற இரண்டு பெட்டிக்குள் அடைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான். பொதுவாக இரண்டு எண், தளத்துக்கே உரிய எண்கள் தனியாக, என்று இரண்டு அடுக்காகக் கொடுங்கள்.

8. கவுண்டர் சுழலும். 32 பிட் கவுண்டரில் 4 ஜிபி தாண்டினால் மறுபடி பூஜ்ஜியம். நொடிக்கு 1 கிகாபிட் போகும் லைனில் அது 34 நொடியில் நடந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு தடவை படிக்கிறவருக்கு எத்தனை சுற்று போயிற்று என்றே தெரியாது. மில்லிசெகண்ட் எண்ணும் விண்டோஸின் பழைய கெட்டிக்கவுண்ட் 49.7 நாளில் சுழலும். நொடிக்கு 100 டிக் எண்ணும் 32 பிட் கவுண்டர் 497 நாளில். மேக் எல்லாக் கோர்களின் டிக்கையும் சேர்த்து 32 பிட்டில் தருகிறது, 8 கோர் மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே சுமார் இரண்டு மாதத்தில் ஐடில் சுழன்றுவிடும்.

எண் இறங்கியிருந்தால் சுழன்றதா, அல்லது யாரோ யூஎஸ்பி நெட்வொர்க் கார்டைப் பிடுங்கிச் செருகியதில் புதிதாகத் தொடங்கியதா? பல சமயம் உங்களால் சொல்ல முடியாது. ஊகித்து 2-இன் 32-ஆம் அடுக்கைக் கூட்டிவிட்டால் ஒரே நொடியில் 4 ஜிபி போனதாக வரைபடத்தில் கோபுரம் எழும்பும். ‘இங்கே தொடர்ச்சி அறுந்தது’ என்று சொல்லிவிட்டு அடுத்த ரீடிங்குக்குப் போங்கள்.

9. இடைவெளியை அளக்கச் சுவர்க் கடிகார நேரத்தை எடுக்காதீர்கள். என்டிபி அதை முன்னும் பின்னும் தள்ளும். மோனோடானிக் கடிகாரம் எடுங்கள். ரீடிங் எடுத்த நேரத்தையும் ரீடிங்குக்குள்ளேயே வையுங்கள்.

10. புராசஸ் பட்டியல் தனி உலகம். லினக்ஸில் ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு ஸ்டாட் கோப்பு உண்டு. ஒரே வரி: பிஐடி எண், அடைப்புக்குறிக்குள் பெயர், நிலையைச் சொல்லும் ஓர் எழுத்து, தாய் புராசஸின் எண், பிறகு எண்கள் நீளமாக. இடைவெளியில் வெட்டினால் போதும் என்று தோன்றும். புராசஸ் தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ளலாம், அதிகபட்சம் 15 பைட், அதற்குள் எதையும் போடலாம். இடைவெளி போடலாம். மூடும் அடைப்புக்குறியே போடலாம். ஒருவர் தன் புராசஸுக்கு ‘ஏ) எஸ் 1’ என்று பெயர் வைத்தால், முதல் மூடும் குறியில் நிறுத்துகிற நிரல் மிச்சத்தைப் பெயர் என்று எடுத்துக்கொள்ளாது, நிலையும் தாய் எண்ணும் என்று எடுத்துக்கொள்ளும், அந்தப் புராசஸ் இனிட்டின் பிள்ளையாகிவிடும். வரியின் கடைசி மூடும் குறியைப் பின்னாலிருந்து தேடுங்கள். அதற்குப் பின் வருபவை ஒரு நிலை எழுத்தும் எண்களும்தான், குழப்பமில்லை.

பிஐடி ஒரு புராசஸின் அடையாளம் ஆகாது. புராசஸ் செத்தால் அந்த எண் இன்னொன்றுக்குப் போகும். அதே கோப்பின் 22-ஆம் புலத்தில் தொடங்கிய நேரம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். யாரையாவது கில் செய்யும் வசதி கொடுப்பதானால் இது ஆடம்பரம் அல்ல. பட்டியல் எடுத்த கணத்துக்கும் விவரம் கேட்கும் கணத்துக்கும் நடுவில் புராசஸ் மறைவது அன்றாடம் நடப்பது. அதை எர்ரராகக் கத்தாதீர்கள். ‘செத்துவிட்டது’, ‘பார்க்க அனுமதி இல்லை’, ‘ஸோம்பி’ என்று மூன்று விடைகள் தனித்தனியாக இருக்கட்டும்.

11. ஒரு கோப்பமைப்பில் எவ்வளவு இடம் என்று கேட்க ஸ்டாட்விஎஃப்எஸ் போதும். ஆனால் எதிர்முனை செத்துப்போன என்எஃப்எஸ் மவுண்டை அதனிடம் கொடுத்தால் கூப்பிட்ட த்ரெட் அங்கேயே உறைந்து நிற்கும். டைம்அவுட் கிடையாது. நிமிடத்துக்கு ஒரு த்ரெட் இப்படி மாட்டினால், கண்காணிக்க வந்த புரோகிராமே லோட் ஆவரேஜை ஏற்றிக்கொண்டிருக்கும். மவுண்ட் பட்டியலில் வகையை முதலில் பாருங்கள். நெட்வொர்க் வகைகளைக் கேட்டவர் வெளிப்படையாக வேண்டும் என்றால் மட்டும் தொடுங்கள். ஆட்டோஎஃப்எஸ்ஸும் அந்த வரிசைதான், நீங்கள் எட்டிப் பார்த்ததுமே மவுண்ட் ஆகித் தொலையும்.

இடம் இருக்கிறதா என்பதிலும் இரண்டு எண்: மொத்தமாக மிச்சம் ஒன்று, சாதாரணப் பயனர் எழுதக்கூடிய மிச்சம் ஒன்று. இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு ஒதுக்கி வைக்கும். மேக்கின் ஏபிஎஃப்எஸ்ஸில் ஒரே கன்டெய்னரின் மிச்சத்தைப் பல வால்யூம்கள் பங்கு போட்டுக் காட்டும். கூட்டினால் ஒரே இடத்தை நாலு தடவை விற்ற கதை.

12. டாக்கருக்குள் ஓடும்போது மெம்இன்ஃபோ காட்டுவது வெளியே இருக்கும் மெஷினின் மெமரி. உங்களுக்கு அனுமதித்தது சிகுரூப் கோப்புகளில் இருக்கும்: மெமரி டாட் மேக்ஸ், சிபியு டாட் மேக்ஸ். வரம்பு இல்லையென்றால் அங்கே எண்ணுக்குப் பதில் மேக்ஸ் என்ற சொல்லே இருக்கும், எண்ணாக மாற்றப் போய் விழாதீர்கள். ஜாவாவின் மெய்நிகர் இயந்திரமே 2018-இல் வந்த 10-ஆம் பதிப்பில்தான் கன்டெய்னர் வரம்புகளை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது. மெஷினின் எண், கன்டெய்னரின் எண் இரண்டையும் தனித்தனி ஃபங்ஷனாகக் கொடுங்கள். ‘நானே புத்திசாலித்தனமாகத் தேர்ந்தெடுத்துத் தருகிறேன்’ என்பது பின்னால் யாருக்கும் புரியாத புகார்களாகத் திரும்பி வரும்.

13. பிஎஸ், டிஎஃப், நெட்ஸ்டாட் கமாண்டுகளை ஓட்டி வெளியீட்டை வெட்டி எடுக்காதீர்கள். பயனரின் மொழி அமைப்பு மாறினால் தசமப் புள்ளி காற்புள்ளியாகும், தலைப்பு ஜெர்மனாகும். விண்டோஸின் பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர் பெயர்களே அந்தந்த மொழியில் மொழிபெயர்த்து இருக்கும். ஆங்கிலப் பெயரில் கேட்கத் தனி ஃபங்ஷன் விஸ்டாவிலிருந்து உண்டு, அதைப் பிடியுங்கள்.

14. அளக்கப் போனவர் சுமையாகிவிடக் கூடாது. லினக்ஸின் எஸ்மேப்ஸ் கோப்பு ஒரு புராசஸின் மெமரியை நுணுக்கமாகச் சொல்லும், ஆனால் கெர்னல் அதற்காக பேஜ் டேபிள் முழுதும் நடக்க வேண்டும். பெரிய டேட்டாபேஸ் புராசஸ்மீது நொடிக்கு ஒரு தடவை அதைப் படித்தால் உங்களால்தான் மெஷின் திணறும். 4.14 கெர்னலிலிருந்து மொத்தத் தொகையை மட்டும் சொல்லும் எஸ்மேப்ஸ்-ரோல்அப் இருக்கிறது. விலை உயர்ந்த எண்களைச் சாதாரணப் பட்டியலில் சேர்க்காமல், கேட்டால் மட்டும் எடுங்கள். ரூட் அனுமதியும் அப்படியே: அது இல்லாமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் முதலில் செய்யுங்கள். தொடக்கத்தில் மட்டும் சிறப்பு அனுமதி தேவைப்படும் தளத்தில், திறக்க வேண்டியதைத் திறந்ததும் அனுமதியைக் கீழே போட்டுவிடுங்கள். லிப்ஸ்டாட்கிராபில் இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது.

15. ஸ்ட்ரக்ட் வளரும் என்று முதல் நாளே நினைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் மெமரி நிலை கேட்கும் ஃபங்ஷனில் ஸ்ட்ரக்ட்டின் அளவைக் கூப்பிடுகிறவரே முதல் புலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். எரிச்சலான பழக்கம், ஆனால் பழைய புரோகிராமும் புதிய லைப்ரரியும் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதுதான் காரணம்.

16. சோதனைக்குத் தெரிந்த சுமையைக் கொடுத்துப் பாருங்கள். 4 கோரில் ஒரு வெற்று லூப் ஓட்டினால் 25 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். 1 ஜிபி மெமரி கேட்டு வாங்கினால் புராசஸின் கணக்கு ஏறாது, ஒவ்வொரு பேஜையும் தொட்டு எழுதிய பிறகுதான் ஏறும், ஏறுகிறதா பாருங்கள். 1 ஜிபி கோப்பு எழுதி, எஃப்சிங்க் செய்து, டிஸ்க் கவுண்டரைக் கழித்துப் பாருங்கள். பல வகை மெஷின்களின் ப்ராக் கோப்புகளைச் சேமித்து வைத்துக்கொண்டு, நிரல் அவற்றைப் படிக்கும்படி பாதையை வெளியிலிருந்து கொடுக்க வழி செய்யுங்கள். நடுவில் ஒரு சிபியுவை அணைத்ததால் சிபியு0-க்கு அடுத்து சிபியு2 வரும் கோப்பு அந்தச் சேமிப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். சொந்தமாக ஓட்டிப் பார்க்க முடியாத தளத்தை ஆதரிப்பதாகப் பட்டியலில் போடாதீர்கள். யாராவது ஏஐஎக்ஸுக்கு நிரல் எழுதி அனுப்பினால் நன்றி சொல்லி, அவர் வருடம் முழுக்க அதை ஓட்டிப் பார்ப்பாரா என்று கேளுங்கள்.

17. ‘டாஸ்க் மேனேஜர் ஒன்று காட்டுகிறது, உங்கள் லைப்ரரி வேறொன்று காட்டுகிறது’ என்று புகார் வரும். கட்டாயம் வரும். விண்டோஸ் 8-லிருந்து பல வருடங்கள் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் சிபியு ஓடிய நேரத்தை மட்டும் பார்க்கவில்லை, எந்த வேகத்தில் ஓடியது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது. அப்படிக் கணக்கிடும் பதிப்பில், டர்போவில் ஓடும் மெஷினில் அந்த எண் உங்கள் எண்ணைவிடத் தூக்கலாகத்தான் இருக்கும். பயனரைச் சமாதானப்படுத்த எண்ணை மாற்றாதீர்கள். எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, கன்டெய்னரா, விர்ச்சுவல் மெஷினா என்று கேளுங்கள். சமைத்த சதவீதத்தை வாங்காதீர்கள். ரீடிங் இரண்டையும், எடுத்த நேரத்தோடு, அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். அதை எளிதாக எடுத்து அனுப்ப ஒரு சின்ன கமாண்டை லைப்ரரியோடு சேர்த்தே வெளியிடுங்கள்.